அரிவாள் செல்: வெள்ளி ஒளிரும் சோதனைக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: கூடலூர் பக்கம் எங்கள் ஊர். வயது 24. முகாமில் ரத்தம் பார்த்து, அரிவாள் செல் 'கேரியர்' என்று அட்டை கொடுத்தார்கள். இப்போது ஏழு வாரக் கர்ப்பம். வெள்ளித் துகள் ஒளிர்வதை வைத்தே மரபணுக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன். அந்தச் சோதனை எங்கே கிடைக்கும் டாக்டர்?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. அரிவாள் செல் என்பது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய். கேரியர் என்றால் நோயாளி இல்லை. ஹீமோகுளோபினை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணு உங்களிடம் இரண்டு உண்டு; அவற்றில் ஒன்றில் மட்டும் ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியிருக்கிறது; 'ஏ' இருக்கவேண்டிய இடத்தில் 'டி'.

நீங்கள் படித்தது உண்மைதான். டி.என்.ஏ. இழையில் சைட்டோசின் என்ற எழுத்து ('சி') அடுத்தடுத்து வரும் இடத்தில் சில வெள்ளி அணுக்கள் கொத்தாகச் சேர்ந்தால், தகுந்த வெளிச்சம் பட்டதும் ஒளிரும். தனியாகச் சாயம் ஒட்ட வேண்டாம். பக்கத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் கொத்து சரியாக உருவாகாது, ஒளி மாறிவிடும். அரிவாள் செல் மாற்றத்தையே இப்படிப் பிரித்தறியலாம் என்று சீனாவின் சாங்சுன் நகர ஆய்வாளர்கள் 2010-இல் காட்டினார்கள். எனக்கும் இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் ரத்தத்தில் உள்ள குளோரைடும் புரதங்களின் கந்தகமும் வெள்ளியைப் பற்றிக்கொண்டு ஒளியைக் குழப்பிவிடும். அதனால் இது இன்னும் ஆய்வுக்கூடத்து வேலைதான். இதற்காக நீங்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே! குழந்தையின் நிலை அவர் ரத்தத்தைப் பொறுத்தது. இந்த வாரமே அவருக்கு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனை செய்யுங்கள். கரைசல் கலங்குகிறதா என்று பார்க்கும் முகாம் சோதனை மட்டும் அவருக்குப் போதாது. அரிவாள் செல் இல்லாமல், பீட்டா தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் கோளாறின் கேரியராக அவர் இருந்தால் அதில் தெரியாது. அந்தச் சேர்க்கையும் குழந்தைக்கு நோயைத் தரும். அவருக்கு இவை இரண்டும், வேறு ஹீமோகுளோபின் கோளாறும் இல்லையென்றால், குழந்தை அதிகபட்சம் உங்களைப் போலக் கேரியராக இருக்கும், அவ்வளவுதான்.

அவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு. அப்போது 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் துளி எடுத்து மரபணுவைப் பார்த்துவிடலாம். உங்களுக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. முகாமில் கொடுத்த அட்டையோடு இருவரும் சேர்ந்தே மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.