‘ராசியாகிவிட்டார்கள்’ என்றால் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்றுதானே பொருள்?

இல்லை. நீங்கள் அகராதிக்காகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். யாரோ ஒரு பங்காளி ‘ராசியாகப் போய்விடலாம்’ என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஒப்புக்கொள்வதற்கு முன் இதைப் படியுங்கள்.

இந்த ராசி மேஷம், ரிஷபம் அல்ல. ‘ராசியான கை’யும் அல்ல. அரபியில் பிறந்து உருது வழியாக நம் கோர்ட்டு கச்சேரிகளுக்குள் வந்த வேறொரு சொல். சம்மதித்தவர் என்று பொருள். ராஜி என்றும் எழுதுவார்கள். வேலையை விடும்போது எழுதிக்கொடுக்கும் ராஜினாமாவும் இதன் வகையறாதான்.

ராசியாவதற்கு இரண்டு தரப்பு வேண்டும். ‘அவன் ராசியாகிவிட்டான்’ என்றால் ‘யாரோடு?’ என்று கேட்பார்கள். சமாதானப்படுத்துவது அப்படியல்ல, அழுகிற குழந்தையைக்கூடச் சமாதானப்படுத்தலாம். ‘சமாதானம் சொல்லாதே’ என்றாலோ சாக்குச் சொல்லாதே என்று அர்த்தம்.

எனக்கு இது உறைத்தது காவல் நிலையத்தில். பெரியப்பா மகனுக்கும் எனக்கும் பொதுக் கிணறு. மோட்டார் போடும் முறையில் தகராறு வந்து மனு கொடுத்தேன். இருவரையும் கூப்பிட்டுப் பேசிவிட்டு, ‘மனுதாரரைச் சமாதானப்படுத்தி அனுப்பப்பட்டது’ என்று எழுதிவைத்தார்கள். தண்ணீர் கேட்டவன் நான். மிட்டாய் கேட்டு அழுதவன் போல ஆக்கிவிட்டார்கள். கையெழுத்துப் போட மறுத்தேன். சொல்லுக்காகச் சண்டையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், கிணறு அவர்களுடையது இல்லை.

பிறகு வழக்கு, வாய்தா, கடைசியில் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றம். அங்கேதான் ராசியானோம். யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. முறை இன்றுவரை தவறவில்லை. ஆனால் அண்ணன் என் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை, நானும் அவர் வீட்டுப் படி ஏறுவதில்லை. ராசி உண்டு, சமாதானம் இல்லை. உங்கள் பங்காளி எதைத் தருவதாகச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

‘இதெல்லாம் தமிழா?’ என்று ஒருவர் வருவார். ஐயா, சமாதானமும் வடமொழிதான். தனித்தமிழ் வேண்டுமென்றால் இணங்கு என்று சொல்லுங்கள். பகைத்தவர்களை நடுவில் நின்று சேர்த்துவைப்பதற்குச் ‘சந்து செய்தல்’ என்ற பழைய சொல்லும் இருக்கிறது. உறையூரை முற்றுகையிட்ட சோழன் நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைத்துக்கொண்டிருந்த இன்னொரு சோழன் நெடுங்கிள்ளிக்கும் நடுவில் புலவர் கோவூர்கிழார் செய்தது அதைத்தான் (புறநானூறு 45). எதிரில் நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை. இருவர் தலைமாலையும் சோழருக்குரிய ஆத்திதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்கிறார். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் அப்படிப் பேச ஓர் ஆள் இல்லை. வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இன்னொன்று. லோக் அதாலத்தில் வழக்கு முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. என்னுடையது இன்னும் வந்து சேரவில்லை. வக்கீலைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு சமாதானம் சொல்கிறார்.