எல்இடி திரையில் எழுத்து உடைவது பற்றி

அண்ணாச்சி, லேப்டாப்பில் பளிச்சென்று இருக்கும் ஸ்லைடு பாளையங்கோட்டை மண்டபத்து எல்இடி திரையில் மட்டும் உடைந்து தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஃபைலில் கோளாறு இல்லை. திரை பி4 என்றால் புள்ளிக்குப் புள்ளி 4 மில்லிமீட்டர், நீங்கள் சொன்ன 12 அடி அகலத்துக்குக் கணக்குப் போட்டால் குறுக்கே சுமார் 914 புள்ளிதான் வரும், உங்கள் ஸ்லைடோ 1920. பாதிக்கு மேல் போய்விடுகிறது. எனக்கு ஒரு தடவை மெய்யெழுத்துப் புள்ளியெல்லாம் மறைந்து 'அணைக்கட்டு' 'அணைககடடு' ஆகிவிட்டது, முன்வரிசையில் ஒரே சிரிப்பு.

மெல்லிய எழுத்துருவை விட்டுத் தடித்ததாகப் போடுங்கள். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணி அணைக்கட்டு எட்டையும் ஒரே அட்டவணையில் அடைத்திருக்கிறீர்களே, அது எந்தத் திரையிலும் தேறாது. அணைக்கு ஒரு ஸ்லைடு, நாலு வரி, போதும். வெள்ளைப் பின்னணி எல்இடியில் கண்ணைக் கூசும், கருநீலத்தில் வெளிர் எழுத்து வையுங்கள். அப்புறம் பிடிஎஃப்பாக ஒரு பிரதி கையில் இருக்கட்டும், அவர்கள் கம்ப்யூட்டரில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். முந்தின நாள் சாயங்காலமே ஆபரேட்டரிடம் சொல்லித் திரையைப் போடச் சொல்லி, கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.