கேள்வி–பதில்: காட்டுத்தீயும் கணக்குப் புள்ளிகளும்

கேள்வி: ஜவ்வாது மலைக் காட்டுத்தீயை ஆராய, நாசா வெளியிடும் 2013 முதலான செயற்கைக்கோள் தீப் புள்ளிகளுக்கு ஹாக்ஸ் மாதிரி (ஒரு நிகழ்வு அடுத்ததைத் தூண்டலாம் என்று கொள்ளும் புள்ளியியல் மாதிரி) பொருத்தினேன். கிளைப்பு விகிதம் (ஒரு தீ சராசரியாக நேரடியாகத் தூண்டும் தீக்களின் எண்ணிக்கை) 0.93 வருகிறது. நூறில் 93 தீ முந்தைய தீயால் மூண்டது என்று எழுதலாமா? – ஆய்வு மாணவி, வேலூர்

பதில்: எழுதிவிடாதீர்கள். அந்த 0.93-இல் பெரும்பங்கு ஒரே தீயைப் பலமுறை எண்ணியதால் வந்திருக்கும். இந்தப் புள்ளிகளைத் தருவது செயற்கைக்கோளில் உள்ள வி.ஐ.ஐ.ஆர்.எஸ். என்ற உணரி; அதன் படத்தில் ஒரு கட்டம் 375 மீட்டர். சரிவில் ஒரு கிலோமீட்டருக்கு நீளும் தீ, செயற்கைக்கோள் பகல் ஒன்றரை மணியளவில் கடக்கும் சுற்றில் மூன்று நான்கு புள்ளிகளாகத் தெரியும். சுமார் 50 நிமிட இடைவெளியில், அதே உணரியைச் சுமக்கும் இன்னொரு செயற்கைக்கோளான நோவா-20 அதையே மறுபடி பதியும். இரவுச் சுற்றில் இன்னும் சில. ஆக, ஒரு தீ, பத்துப் புள்ளி! நோவா-20 தரவு 2018-இல்தான் சேர்ந்தது. அந்த ஆண்டு எண்ணிக்கை எகிறியதைப் பார்த்து தீ பெருகிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒரே செயற்கைக்கோளின் தரவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிகளை யு.டி.எம். (இடங்களை மீட்டரில் குறிக்கும் வரைபட முறை) 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றி, மீட்டரில் தூரம் அளந்து, 1 கிலோமீட்டர், 2 நாளுக்குள் இருப்பவற்றை ஒரே தீயாகக் கோத்து, முதல் புள்ளியை மட்டும் நிகழ்வாகக் கொள்ளுங்கள். இந்த எல்லைகளைக் கூட்டிக் குறைத்து விகிதம் எவ்வளவு ஆடுகிறது என்றும் பாருங்கள். தரவுக் கோப்பின் நேரப் பத்தியை எண்ணாகப் படித்தால் 0802 என்பது 802 ஆகிவிடும். அதுவும் உலக நேரம், ஐந்தரை மணி கூட்ட வேண்டும். வகைப் பத்தியில் 2 என்றிருப்பவை ஆலை, சூளை போன்ற நிலையான வெப்பம், நீக்குங்கள். கரும்புச் சோகை கொளுத்துவது வகை 0-விலேயே வரும், அதைக் காப்புக்காட்டு எல்லையால்தான் வெட்ட முடியும்.

அடுத்த பிசகு பின்னணி விகிதத்தில், அதாவது வேறு தீ தூண்டாமல் புதிதாக மூளும் தீயின் விகிதத்தில். அதை மாறிலியாக வைத்தால், பிப்ரவரி–மே மாதங்களில் சருகு காய்ந்து குவியும் தீயையெல்லாம் மாதிரி ‘தூண்டல்’ கணக்கில் எழுதிவிடும். பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப அது மாறட்டும்.

மாவட்ட எல்லையை ஆய்வுப் பரப்பாக எடுக்காதீர்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது, காடு அப்படிப் பிரியவில்லை. எல்லைக்கு வெளியே 10 கிலோமீட்டர் வரை உள்ள தீயை, உள்ளே தீயைத் தூண்டியிருக்கக்கூடியவையாக மட்டும் சேருங்கள்.

கேள்வி: என்னிடம் 60 தீ நிகழ்வுகளே உள்ளன. ஹாக்ஸ் மாதிரி போதுமா? – வாசகர், குடியாத்தம்

பதில்: 60-ஐ வைத்துப் பின்னணியையும் தூண்டலையும் பிரிப்பது கடினம். சரிவு, சாலைத் தூரம் ஆகியவற்றைச் சேர்த்து லாக்-காஸியன் காக்ஸ் மாதிரி (தீ மூளும் வாய்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதைக் கணிக்கும் மாதிரி) போடுங்கள். ஆர் மொழியில் இன்லாப்ரு தொகுப்பு போதும். அது பரப்பைப் பிரிக்கும் முக்கோண வலையின் கண்ணி நீளம், ஒட்டுறவு வீச்சில் (இரு இடங்களின் தீ வாய்ப்பு ஒன்றோடொன்று தொடர்புடையதாக இருக்கும் தூரத்தில்) ஐந்தில் ஒன்றைத் தாண்டாமல் இருக்கட்டும்.