எலிக்கு ஈரல் நோய் குணமாச்சுன்னு அடிக்கடி செய்தி வருது, மனுஷனுக்கு மட்டும் மருந்து ஏன் வர மாட்டேங்குது? ஆராய்ச்சின்ற பேர்ல ஏமாத்துறாங்களா?

கேள்வியோட கடைசி வரிய படிச்சதாலதான் எழுதுறேன், இல்லன்னா தாண்டிப் போயிருப்பேன். உங்களுக்கோ வீட்ல யாருக்கோ ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு வந்திருக்கும், டாக்டர் வெயிட்ட குறைங்கன்னு ஒத்த வரில அனுப்பியிருப்பாரு, ராத்திரி உக்காந்து தேடியிருப்பீங்க, எலி நியூஸா வந்து குவிஞ்சிருக்கும். அந்தக் கடுப்பு புரியுது. ஆனா ஏமாத்துறாங்களான்னு கேட்டா எனக்கு சுருக்குனு இருக்கு. முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல, பெரிய சயின்டிஸ்ட்டும் இல்ல. லிவர் ஆராய்ச்சி பண்ற லேப்ல டெக்னீஷியன், லிவர்ல இருந்து செல் பிரிச்சுக் கொடுக்குறது என் வேலை. "நீ யாருய்யா சொல்றதுக்கு"ன்னு கேக்குறவங்க இங்கயே கிளம்பிடலாம்.

எலிக்கு நிஜமாவே குணமாகுதுங்க. அதுல பொய் இல்ல. எங்க லேப்ல ஒரு மருந்து டெஸ்ட் பண்ணோம், பேர் சொல்ல முடியாது. கொழுப்புத் தீனி போட்டு வளத்த எலியோட லிவர் வெளிர் மஞ்சளா வீங்கிப் போய் இருக்கும். மருந்து கொடுத்த எலிய திறந்தா நல்ல கருஞ்சிவப்பு, மைக்ராஸ்கோப்பே வேணாம். செல் பிரிக்கிறப்போ இன்னும் தெளிவா தெரியும். போர்ட்டல் வெயின்ல, அதாவது குடல்ல இருந்து லிவருக்கு ரத்தம் கொண்டு வர்ற குழாய்ல, ஊசி ஏத்தி 37 டிகிரி சூட்ல பஃபர்ங்கற உப்புக் கரைசல விட்டா ரத்தமெல்லாம் கழுவிட்டுப் போய் லிவர் கண்ணு முன்னாடியே வெளுத்துடும், அப்புறம் கொலாஜினேஸ்னு ஒரு என்சைம விட்டா செல்லுங்கள பிடிச்சு வச்சிருக்குறது கரைஞ்சு மொத்த லிவரும் கொளகொளன்னு ஆயிடும், மேல் தோல லேசா கிழிச்சு தட்டுல அலசினா செல்லு புகை மாதிரி பிரிஞ்சு வரும். கொழுப்பு கட்டின செல்லுக்கு கனம் கம்மி, சென்ட்ரிஃபியூஜ்னு வேகமா சுத்துற மெஷின்ல போட்டு சுத்தினாலும் ஒழுங்கா அடியில உக்காராது, மேலயே மிதக்கும். மருந்து கொடுத்த எலியோட செல்லு சமத்தா அடியில படிஞ்சுது. லேபே கொண்டாடுச்சு.

அடுத்தது மனுஷ செல். இது அவ்ளோ லேசுல கிடைக்காது. ஈரல்ல கட்டி எடுக்குற ஆபரேஷன்ல, வெட்டி எடுத்த பகுதியோட ஓரத்துல நல்லா இருக்குற ஒரு துண்ட, நோயாளியோட சம்மதம் வாங்கி அனுப்புவாங்க. எப்ப வரும்னு சொல்ல முடியாது, ஐஸ்ல வரும், வந்த உடனே வெட்டின முகத்துல தெரியுற ரத்தக்குழாயா பாத்துப் பாத்து குழாய் சொருகி பசை போட்டு ஒட்டணும். செல் நல்லா வந்துச்சுன்னா மறுநாள் தட்டுல ஒண்ணோட ஒண்ணு கை கோத்து, நடுவுல பித்தநீர் போற கால்வாய் மெல்லிசா பளபளன்னு கோடு போட்டுருக்கும், பாக்கவே அழகா இருக்கும். ஆனா கொஞ்ச நாள்தான். அப்புறம் தட்டையாகி, தான் லிவர் செல்லுங்கறதையே மறந்துடும். அதுக்குள்ள டெஸ்ட முடிக்கணும். முடிச்சோம். ஒருத்தரோட செல்லுல கொஞ்சம் கொழுப்பு குறைஞ்சுது, இன்னொருத்தரோடதுல ஒண்ணுமே இல்ல, மத்தவங்களோடதுல இந்தப் பக்கமும் இல்ல அந்தப் பக்கமும் இல்ல.

ஏன் அப்படின்னா லேப் எலிங்க எல்லாம் ஒரே ஜீன், ஒரே தீனி, ஒரே ரூம். மனுஷன் அப்படியா? பிஎன்பிஎல்ஏ3னு ஒரு ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தா லிவர்ல கொழுப்பு சேர்றது கூடுதுன்னு 2008லயே கண்டுபிடிச்சுட்டாங்க, அந்த மாற்றம் சிலருக்கு இருக்கு சிலருக்கு இல்ல. அதுவும் இல்லாம எலிக்கு நோய் வர வைக்கிற விதமே வேற. மெத்தியோனின், கோலின்னு ரெண்டு சத்து இல்லாத தீனி போட்டா எலிக்கு சீக்கிரமே லிவர் கெட்டுடும், ஆனா அந்த எலி இளைச்சுப் போயிடும், நம்ம ஆளுங்களுக்கு தொப்பையோட சுகரோடல்ல வருது! கார்பன் டெட்ராகுளோரைடுங்கற விஷத்த ஊசியா போட்டு சில வாரத்துல லிவர்ல தழும்பு வர வைப்பாங்க, ஊசிய நிறுத்தினா தானாவே ஆறிடும். மனுஷனுக்கு பத்து இருபது வருஷமா ஏறின தழும்பு அப்படியா ஆறும்?

எலிய நம்பி அவசரப்பட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கணும்னா ஃபியாலுரிடின் கதைய படிங்க. ஹெபடைடிஸ் பிக்கு மருந்து. எலி, நாய், குரங்குன்னு எல்லாத்துலயும் பிரச்சனை இல்லன்னுதான் வந்துச்சு. 1993ல அமெரிக்காவுல 15 பேருக்குக் கொடுத்தாங்க. 7 பேருக்கு லிவர் ஃபெயிலியர், 5 பேர் செத்துட்டாங்க, 2 பேர் மாற்று ஈரல் வச்சு பொழச்சாங்க. அந்த மருந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள, அதாவது செல்லுக்கு சக்தி தயாரிக்கிற பகுதிக்குள்ள, கூட்டிட்டுப் போற புரதம் மனுஷனுக்கு அங்க இருக்கு, எலிக்கு அங்க இல்ல, அவ்ளோதான் வித்தியாசம். இதெல்லாம் தெரிஞ்சப்புறமும் ஏன் லேட்டுன்னு கேப்பீங்களா?

சரி, ஒண்ணுமே வரலையான்னா வந்திருக்கு. ஹெபடைடிஸ் சி வைரஸ் சாதாரண எலிக்கு ஒட்டவே ஒட்டாது, அதனால சிம்பன்சி, தட்டுல வளத்த செல்லுன்னு வேற வழில போராடினாங்க. 1989ல வைரஸ கண்டுபிடிச்சாங்க, 2013 கடைசில சோஃபோஸ்புவிர் வந்துச்சு, இப்ப மாத்திரையிலயே 100க்கு 95 பேருக்கு மேல குணமாகுது. ஃபேட்டி லிவர் முத்தி வீக்கமும் தழும்புமா ஆன கட்டத்துக்கு 2024 மார்ச்சுல ரெஸ்மெட்டிரோம்தான் அமெரிக்காவுல முதல்ல அனுமதி வாங்கின மருந்து, 2025ல செமாக்ளூடைடுக்கும் கொடுத்தாங்க. ரெஸ்மெட்டிரோம் டிரையல்ல 966 பேர், ஒரு வருஷம், முன்னாடியும் பின்னாடியும் ஊசி போட்டு லிவர் துணுக்கு எடுத்துப் பாத்தாங்க. மருந்து சாப்பிட்டவங்கள்ல 100க்கு 26ல இருந்து 30 பேருக்கு வீக்கம் போச்சு, மருந்து இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல கிட்டத்தட்ட 10 பேருக்கு. மருந்தே இல்லாம 10 பேருக்கு சரியாகுதுன்னா, ஆயிரம் பேர சேத்துப் பாக்காம எந்த மருந்த நம்புறது? எடுக்குற துணுக்கும் மொத்த லிவர்ல 50,000ல ஒரு பங்குதான், அதுல தழும்பு சிக்குறதும் சிக்காததும் ஊசி போற இடத்த பொறுத்தது.

ஏமாத்துன்னு ஒண்ணு இருந்தா வேற இடத்துல இருக்கு. எங்க எலி ரிசல்ட் பேப்பரா வந்துச்சு, அத வச்சு "ஈரல் நோய்க்கு முடிவு"ன்னு செய்தியும் வந்துச்சு. மனுஷ செல் ரிசல்ட்? ஹார்டு டிஸ்க்ல தூங்குது. வேலை செய்யலன்னு யாரு பேப்பர் போடுவா, போட்டா யாரு படிப்பா. அந்தப் பேப்பர்ல என் பேரும் இல்ல. நடுராத்திரி ஈரல் துண்டு வந்தா ஓடி வர்றது நான், கடைசில "உதவிய நண்பர்களுக்கு நன்றி"ல கூட பேர் கிடையாது, அந்த லேபுக்குள்ள கால் வைக்காத ஒருத்தர் மூணாவது ஆத்தர். கேட்டா டெக்னீஷியனுக்கு பேர் போடுற வழக்கம் இல்லையாம். கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு தெரியும், இருந்தாலும் சொல்லாம இருக்க முடியல.

உங்க விஷயத்துக்கு வர்றேன். டாக்டர் வெயிட் குறைக்கச் சொன்னது தட்டிக் கழிக்கிறதுக்கு இல்ல. 2015ல வந்த ஒரு ஆய்வுல உடம்பு எடைல 10 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைச்சவங்கள்ல 100க்கு 90 பேருக்கு அந்த வீக்கம் போயிருந்துச்சு, இதுவரைக்கும் எந்த மாத்திரையும் அந்தக் கணக்க தொடல. அவ்ளோ குறைக்க முடிஞ்சவங்க கொஞ்சப் பேர்தான்ங்கறதையும் சொல்லிடுறேன், அப்புறம் சண்டைக்கு வராதீங்க. தழும்பு எந்தக் கட்டத்துல இருக்குன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, லிவர் எவ்ளோ இறுகியிருக்குன்னு அளக்குற ஃபைப்ரோஸ்கேன்ல ஓரளவு தெரியும். எலி நியூஸ பாத்துட்டு லிவர சுத்தம் பண்ற பவுடர் கேப்ஸ்யூல்னு ஏதாவது வாங்கி வச்சிருந்தா நிறுத்துங்க, கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் மாத்திரையாலயே லிவர் அடி வாங்கினவங்க இருக்காங்க. டாக்டரப் பாக்கப் போறப்போ அந்த டப்பாவயும் கையோட எடுத்துட்டுப் போய் காட்டுங்க.