காருக்குள் ஈரவாடையா? ஷாம்பூவுக்கு முன்னால் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இரண்டு வாரத்துக்கு முன் பெய்த கனமழையில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தேங்கியிருந்த தண்ணீரில் எங்கள் கார் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டது. கதவின் அடிவழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. அதிகமில்லை, செருப்பு நனையும் அளவுதான். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேட்டுகளை எடுத்துப் பால்கனியில் காயப்போட்டேன். இப்போது கதவைத் திறந்தாலே ஈரச் சாக்கு வாடை. சீட் பெல்ட்டிலும் பின்சீட்டின் அடியிலும் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருக்கிறது. ஷாம்பூ போட்டுக் கழுவி பெர்ஃப்யூம் வைத்தால் போதும் என்கிறார் ஒரு கடைக்காரர். வாடை போக ஓசோன் வாயு அடிக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். அம்மாவுக்கு ஆஸ்துமா. அவரை மாட்டுங்கா கோயிலுக்கு இந்தக் காரில்தான் கூட்டிப்போகிறேன். என்ன செய்யட்டும்?"

முதலில் ஒன்று: இந்த வேலை முடியும்வரை அம்மாவை அந்தக் காரில் ஏற்றாதீர்கள். பூசணத்தின் நுண்துகள்கள் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஏசி போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்ட காருக்குள் அவை முகத்துக்கு நேராகத்தான் வரும். கோயிலுக்கு ஒரு மாதம் டாக்சியில் போய்வரட்டும்.

அடுத்தது, ஷாம்பூ வேண்டாம். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் காருக்கு வந்திருக்கும் நோயே தண்ணீர்தான். அதற்கு மேல் இன்னும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? மும்பையில் பல வருடமாகக் கார் உள்சுத்தம் செய்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் இதே தப்பை நானும் செய்தேன். ஒரு ஜூலை மாதம், வாடை அடிக்கிறது என்று வந்த காருக்கு நன்றாக நுரை போட்டு, மேலாக உறிஞ்சி எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். பத்தே நாளில் திரும்பி வந்தது. அந்த முறை முன்சீட்டிலும் பூசணம். கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

காரின் தரை ஒரே அடுக்கு இல்லை. நீங்கள் கால் வைப்பது மேட். அதன்கீழ் கார்பெட். அதற்கும் கீழே, சத்தமும் சூடும் உள்ளே வராமல் இருக்க ஃபெல்ட் அல்லது ஃபோம் வைத்திருப்பார்கள், இடத்தைப் பொறுத்து ஒரு விரல் தடிமன்கூட இருக்கும். அதன்கீழ்தான் இரும்புத் தகடு. நாம் காயவைப்பதெல்லாம் மேட்டை. கார்பெட்டின் மேல்பக்கம் இரண்டு நாளில் தானாகக் காய்ந்துவிடும். தண்ணீரைக் குடித்து வைத்திருப்பது அந்த ஃபெல்ட். மேலே கார்பெட், கீழே தகடு, நடுவில் காற்றே போகாது. மும்பை மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது அது தானாகக் காயும் என்று எதிர்பார்க்க முடியாது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். முன்கதவைத் திறந்தால் கால் வைத்து ஏறும் இடத்தில் நீளமாக ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். பெரும்பாலான கார்களில் அது கிளிப்பில்தான் உட்கார்ந்திருக்கும். ஓரத்திலிருந்து மெதுவாக மேல்பக்கம் இழுத்தால் வந்துவிடும். கார்பெட்டின் விளிம்பைத் தூக்கி, நான்காக மடித்த செய்தித்தாளை ஃபெல்ட்டின் மேல் வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். பேப்பர் நனைந்தால் ஈரம் உள்ளேதான் இருக்கிறது. கால் வைக்கும் நான்கு இடங்களிலும் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் மறக்காதீர்கள்.

நான்கில் முன்பக்க இடதுபுறம் மட்டும் மிக அதிகமாக நனைந்திருந்தால், வெள்ளத் தண்ணீர் மட்டும் காரணமில்லை என்று சந்தேகப்படுங்கள். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுமே, அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் அதே தண்ணீர் உள்ளே வழியும். நம் ஊர் கார்களில் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வந்து சேரும். அது நிறமில்லாமல் இருக்கும். பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிகிறது, மெக்கானிக்கிடம் போங்கள். வைப்பருக்குக் கீழே இலைச்சருகு அடைத்திருக்கிறதா, கதவுகளின் அடியில் உள்ள வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் காரைக் காயவைத்துப் பலனில்லை, அடுத்த மழைக்கே பழைய கதைதான்.

சரி, ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எதையும் கழற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். இரண்டு வாரம் ஆகிவிட்டதால் இன்றே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சீட்டுகளைக் கழற்ற வேண்டும். இதை மெக்கானிக் செய்யட்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அதைத் தொட வேண்டும். கழற்றி வைத்திருக்கும்போது சாவியைப் போட்டு ஆன் செய்தால் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கிவிடும், பிறகு அதை அணைக்க ஒரு தனி அலைச்சல்.

கார்பெட் வெளியே வந்ததும் ஃபெல்ட்டைக் கையால் பிழிந்து பாருங்கள். மும்பைத் தெருவில் தேங்கும் தண்ணீர் வெறும் மழைத்தண்ணீர் இல்லை, சாக்கடையும் கலந்தது. எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கையில் காயம் இருந்தால் இந்த வேலையையே தொடாதீர்கள். பிழிந்தால் கறுப்பாக வடிந்து நாற்றமடித்தால், அந்த ஃபெல்ட்டைக் காயவைத்துத் திரும்பப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வாரம் ஊறியதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சீட் கவர் தைக்கும் கடைகளில் புதிதாக வெட்டிப் போட்டுத் தருவார்கள். ஆஸ்துமா இருக்கும் வீட்டில் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கார்பெட்டை மட்டும் சோப்புத் தண்ணீரில் அலசி, வெளியே விரித்துக் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஷாம்பூவுக்கு நியாயமான இடம் இதுதான்.

கழற்றிய காரைக் கட்டடத்தின் கீழே பார்க்கிங்கில் நிறுத்தி, சொசைட்டியில் கேட்டு ஒரு பிளக் பாயின்ட் வாங்கி, இரண்டு கதவையும் திறந்து டேபிள் ஃபேன் போட்டு விடுங்கள். வீட்டில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இருந்தால் அதைக் காருக்குள் வைக்கலாம். அப்போது மட்டும் கதவுகளை மூடி, கண்ணாடிகளை ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அது அரபிக்கடல் காற்றைத்தான் காயவைத்துக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாள் பொறுமை வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று மூடிய பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதைச் செய்யாதீர்கள், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

தரை காய்ந்த பிறகுதான் பூசணம். என்95 முகக்கவசம் போட்டு, கதவுகளைத் திறந்து வைத்து, உலர்ந்த பூசணத்தை முதலில் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். சாதாரண வேக்குவம் அதைப் பின்பக்கமாக ஊதி கார் முழுக்கப் பரப்பிவிடும். வெறும் துணியால் தட்டினாலும் அதே கதிதான். பிறகு லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியில் மிதமான சோப்பு. அழுக்குத் துணியைத் திரும்பத் திரும்ப அதே வாளியில் முக்காமல், மாற்றி மாற்றி எடுங்கள்.

சீட் பெல்ட்டுக்குத் தனிக் கவனம் தேவை. பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்து, உள்ளே ஓடிவிடாதபடி மேலே ஒரு கிளிப் மாட்டுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரும் மிதமான சோப்பும் தொட்ட மென்மையான பிரஷ்ஷால், நெசவு ஓடும் திசையிலேயே தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். ஈரத்தோடு சுருண்டு உள்ளே போனால் மறுபடி பூக்கும். பிளீச்சிங் போட்டால் பளிச்சென்று வெளுக்கும்தான். ஆனால் அது அந்த இழைகளைப் பலவீனமாக்கும். விபத்தில் உயிரைப் பிடித்து நிறுத்த வேண்டிய பட்டை அது. கறை போகாவிட்டால் பரவாயில்லை, இருக்கட்டும்.

கூரைத் துணியை நனைக்காதீர்கள், பசை விட்டுத் தொங்கிவிடும். டேஷ்போர்டுக்கு ஈரத்துணியே போதும். பளபளப்பு பாலிஷ் போட்டால் வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும்.

கடைசியாக ஏசி. குளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைத் துடைத்துத் திரும்பப் போடாமல், புதிதாகவே மாற்றுங்கள். பூசணம் பிடித்த காரில் அது ஒரு கிடங்கு. காற்றைக் குளிர வைக்கும் ஏசி காயிலையும் சர்வீஸ் சென்டரில் ஃபோம் அடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இனிமேல் வீடு வந்து சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்து, ஃபேனை மட்டும் வெளிக்காற்றில் ஓடவிடுங்கள். அந்த ஏசி காயில் கொஞ்சம் உலரும்.

பெர்ஃப்யூமும் ஓசோனும்? பெர்ஃப்யூம் வாடையை மூடும், ஈரத்தைத் தொடாது. ஆஸ்துமா உள்ளவர்களில் பலருக்கு அந்த வாசனையே மூச்சை அடைக்கும். ஓசோன் வாடையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் ஊறிய ஃபெல்ட்டை அது காயவைக்காது. அதுவே நுரையீரலை எரிக்கும் வாயு, ரப்பரையும் கெடுக்கும். எல்லாம் காய்ந்து சுத்தமான பிறகும் லேசாக வாடை மிஞ்சினால், சமையல் சோடாவைக் கார்பெட்டில் தூவி ஒரு ராத்திரி விட்டு உறிஞ்சி எடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். உங்கள் வீட்டு நிலைமைக்கு நான் ஓசோன் பக்கமே போகமாட்டேன்.

எல்லாம் திரும்பப் பொருத்திய பிறகு, கார்பெட்டுக்கு அடியில் நான்கு பக்கமும் செய்தித்தாளை வைத்து, கண்ணாடிகளை ஏற்றி இரண்டு ராத்திரி விடுங்கள். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்ததும் முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும். பேப்பரையும் எடுத்துக் கசக்கிப் பாருங்கள். மொறமொறவென்று சத்தம் கேட்டால் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம். தொளதொளவென்று மடிந்தால் அந்த மூலையில் இன்னும் ஈரம் இருக்கிறது, அங்கே மட்டும் மறுபடி தூக்குங்கள்.