'டூக்கி' ஆல்பம் உருவான விதம்: கேள்வி பதில்

அமெரிக்க பங்க் ராக் இசைக்குழுவான கிரீன் டேயின் 'டூக்கி' ஆல்பம் பதிவானது, வெளியானது பற்றி மட்டும் கேளுங்கள். எந்த கிதார் வாங்கலாம் என்று கேட்டால் பதில் கிடையாது.

கேள்வி: மூன்றே வாரத்தில் பதிவு செய்தார்களாமே, நிஜமா?

நிஜம்தான். 1993ல், கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த ஃபேன்டசி ஸ்டூடியோவில், ராப் கவலோ தயாரிப்பில். இதைப் படித்துவிட்டு நீங்களும் மூன்று வாரத்துக்கு ஸ்டூடியோ எடுத்துவிடாதீர்கள். அவர்கள் மேடை மேடையாக வாசித்துக் கை பழகிய பிறகுதான் உள்ளே போனார்கள். 'வெல்கம் டு பாரடைஸ்' முந்தைய ஆல்பமான 'கெர்ப்ளங்க்'கிலேயே வந்த பாட்டு, 'டூக்கி'க்காக மறுபடியும் பதிவு செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாட்டும் அதேதான், டிரம்ஸ் வாசிப்பவரும் அதே ட்ரே கூல்தான். ஆனால் முதலாவதில் எல்லாம் ஒன்றோடொன்று மோதுகிறது, இரண்டாவதில் ஒவ்வொரு அடியும் தனியாகக் காதில் விழுகிறது.

பலர் கவனிக்காதது மிக்ஸிங், அதாவது பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்ப்பது. முதல் மிக்ஸ் பேண்டுக்குத் திருப்தி தரவில்லை. ஜெர்ரி ஃபினை அழைத்து மறுபடியும் மிக்ஸ் செய்தார்கள். பின்னாளில் பிளிங்க்-182 என்ற பேண்டுக்கு 'எனிமா ஆஃப் தி ஸ்டேட்' தயாரித்தவர் இவர்தான்.

கேள்வி: சிடியோடு சேர்ந்து வாசித்தால் சுருதி சேரவே மாட்டேன் என்கிறது.

ஆறு கம்பியையும் அரை ஸ்வரம் இறக்குங்கள். சேரும்.

கேள்வி: கெய்னை முழுக்க ஏற்றியும் அந்த டோன் வரவில்லையே?

கெய்ன் என்பது ஆம்ப்ளிஃபையரில் ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழ். அதை முழுக்க ஏற்றியதால்தான் வரவில்லை தம்பி. 'பாஸ்கெட் கேஸ்' ஆரம்பத்தைக் கேள். குரலும் கிதாரும் மட்டும். வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ் (கிதாரின் உடலில் கம்பிகள் தங்கும் இடம்) பக்கத்தில் கம்பிகளை லேசாக அமுக்கியிருக்கிறது, பிக் (மீட்டும் வில்லை) கீழ்நோக்கியே அடிக்கிறது. கெய்ன் கூடினால் அந்த 'டக் டக்' எல்லாம் 'கொர்ர்' என்று கரைந்துவிடும். பாதிக்குக் குறைத்துவிட்டுக் கையில் பலம் கொடு.

கேள்வி: ஆல்பம் பெயருக்கு என்ன அர்த்தம்?

மலம். சின்னப் பிள்ளைகள் சொல்கிற மாதிரி. அடுத்தது.

கேள்வி: ரிப்ரைஸ் மாதிரி பெரிய இசைத்தட்டு கம்பெனியோடு கையெழுத்துப் போட்ட அன்றே இவர்கள் பங்க் இல்லை. கில்மன் தெருவிலேயே உள்ளே விடவில்லையே?

பெர்க்லியின் 924 கில்மன் தெரு அரங்கில் பெரிய கம்பெனி பேண்டுகளுக்கு இடமில்லை என்பது அப்போது எல்லாருக்கும் பொதுவாக இருந்த விதி. இவர்கள் வளர்ந்த இடமே அது, அதனால் வலித்திருக்கும். விதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விதியை வைத்துப் பாட்டை எடை போடாதீர்கள்.

கேள்வி: மழுப்புகிறீர்கள். சின்ன கம்பெனியிலேயே இருந்திருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.

சரி, நேர்மைக்கே வருவோம். முதல் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டது லுக்அவுட் என்ற சின்ன கம்பெனி. ராயல்டி பாக்கி என்று 2005ல் அந்த ஆல்பங்களை பேண்டே திரும்ப எடுத்துக்கொண்டது. சின்னது என்றால் சுத்தம், பெரியது என்றால் அழுக்கு என்று கணக்குப் போட்டால் இந்த இடத்தில் உதைக்கும். இன்னொன்று: 2015ல் இதே பேண்ட் கில்மன் தெருவில் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் வாசித்தது. அந்த இடமே சமாதானமாகிவிட்டது, நாம் இன்னும் சண்டை போடுகிறோம்.

கேள்வி: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பணத்துக்காகத்தானே போனார்கள்?

நீங்களுமா! 1994 பிப்ரவரி 1ல் வெளியானபோது இது இப்படி விற்கும் என்று யார் கண்டார்கள்? அமெரிக்காவில் ஒரு கோடி பிரதிகளுக்கான டைமண்ட் சான்று 1999ல்தான் வந்தது. இந்த வழக்கை இத்தோடு மூடுகிறேன்.

கேள்வி: டூக்கி என்றால் என்ன?

மேலே பாருங்கள்.

கேள்வி: டோனுக்கு என்ன பெடல் போடலாம்?

மேலே. கெய்னைக் குறையுங்கள்.

கேள்வி: ஆல்பம் பெயர் ஏதாவது ஊர்ப் பெயரா?

ஐயா, இது மூன்றாவது முறை.

கேள்வி: கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் சிடி ஓடிக்கொண்டே இருக்கிறது. கெட்டுப்போனதா?

இல்லை, நிறுத்தாதீர்கள். கொஞ்ச நேர மௌனத்துக்குப் பிறகு ட்ரே கூல் தானே கிதார் மீட்டிப் பாடுகிற ஒரு பாட்டு ஒளிந்திருக்கிறது. அதில் கெய்னே கிடையாது.