பத்தடி தள்ளி ஒரு விளக்கு

கே: தாராவியில் தோல் பைப் பட்டறை நடத்துகிறேன். பசையை இளக்க டொலுயீனை வாளியில் திறந்தே வைக்கிறோம். பிள்ளையார் விளக்கு பத்தடி தள்ளித்தான் எரிகிறது. ஆபத்தா?
– வாசகர், மும்பை

ப: பத்தடி போதாது, அண்ணாச்சி. டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு ஊர்ந்துபோய் விளக்கைப் பிடித்துவிடும். 4 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடுகிற சரக்கு. மும்பையின் மார்கழிக் குளிரெல்லாம் அதற்குக் கோடை!

நான் பெயிண்ட் கம்பெனியில் இருந்தபோது, தின்னர் நனைந்த துணியை ஒருவர் மூலையில் வீசிவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் சுவிட்சைத் தட்டினார். 'குப்'பென்று ஒரு சத்தம். நல்லவேளை, புருவத்தோடு போச்சு. ஆகவே வாடை தூக்கலாக இருந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்; கதவைத் திறங்கள்.

வாளியை விடுங்கள். இறுக்கி மூடும் தகர டப்பாவில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். டொலுயீன் மிதந்து, தீயைப் பக்கத்துக் கடைக்கே கொண்டுபோகும். மணல் அல்லது உலர்பொடி அணைப்பான் சரி. அப்புறம், பையன்கள் சாயங்காலம் தலைவலி என்றால் டீயைக் குறை சொல்லாதீர்கள். கைக்குட்டை கட்டினால் ஆவி நிற்காது.